அலமாரிக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

மில் மூடிப் பல வருஷம் ஆகியும் லைன் வீட்டு ஆட்களுக்கு இரண்டே விதமாகத்தான் பேச வந்தது. ஒன்று, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி. இல்லையென்றால் சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து. நடுவாந்தரமாகப் பேசும் பழக்கம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. தறிகள் ஓடிய கூடத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லோரும் கண்ணால் கேட்டார்கள். உதடு அகலமாகத் திறந்து மூடும், புருவம் ஏறி இறங்கும், தேவைப்பட்டால் ஒரு விரலும் சேர்ந்துகொள்ளும். வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் யாருக்கும் அது வந்துவிடும். வந்தது போகத்தான் போகாது.

முடிச்சக்காவுக்கும் போகவில்லை. கோன் சுற்றும் பிரிவில் நூல் அறுந்தால் அவள் விரல் போய்த் திரும்புவதைப் பார்க்கவே முடியாது, முடிச்சு மட்டும் விழுந்திருக்கும் என்பார்கள். அப்படி வந்த பெயர். சம்பளச் சீட்டில் வேறு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்தான்.

அவள் புருஷன் தறி ஃபிட்டர். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். எந்தக் கதவுக்குள் நுழைந்தாலும் முதலில் தலையைக் குனிந்துகொள்வார், உயரமான கதவாக இருந்தாலும்கூட. வாயைத் திறந்து பேசுவதில் கஞ்சம். ஆனால் உதட்டுப் பேச்சில் ஆள் வேறு மாதிரி. தறிக்கூடத்தில் அவர் சொல்லும் நையாண்டிக்கு அந்தக் கோடியில் நிற்பவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பானாம். வெளியிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு, யாரும் எதுவும் சொல்லாமலே இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று தலையைச் சுற்றும்.

லைன் வீடு என்றால் முன்னால் ஓர் அறை, பின்னால் ஒரு சமையலறை, அவ்வளவுதான். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் எடுத்து வைப்பார்கள். அந்தச் சுவரை வைத்துக்கொண்டு புருஷன் பெண்டாட்டி மனம் விட்டுச் சண்டை போட முடியுமா? லைனில் எல்லா ஜோடிகளும் உதட்டால்தான் சண்டை போட்டார்கள். முடிச்சக்காவின் மகள் கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போன பிறகு, தன் புருஷனிடம் சொல்லிச் சிரித்தாளாம்: "எங்க வீட்ல சண்டைன்னா தட்டும் டம்ளரும் மட்டும்தான் பேசும்."

அந்த மகள் பிறந்த பிறகுதான் ஜன்னல் வந்தது.

குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு மில்காரர்களிடம் ஒரே பதில்தான் இருந்தது. ஆளுக்கொரு ஷிப்ட். அவள் வரும்போது அவர் போவார். வாசலில் குழந்தை கை மாறும், சாவி கை மாறும், அதோடு சரி. சங்கு ஊதிவிட்டால் நின்று ஒரு வார்த்தை பேச நேரம் கிடையாது. ஒரே வீட்டில் குடியிருந்துகொண்டு, தலையணையில் இருக்கும் எண்ணெய் வாசனையை வைத்துத்தான் அவர் வந்து படுத்துப் போனதை அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவர்கள் வீட்டின் பின்சுவர் தறிக்கூடத்தைப் பார்த்து இருந்தது. நடுவில் சாம்பல் கொட்டிய மேடு, முள்செடி, ஒரு சாக்கடை. அதைத் தாண்டினால் ஃபிட்டரின் வேலை மேசைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல். கூடத்தில் ஈரக்காற்று குறைந்தால் நூல் அறுந்து தொலைக்கும் என்பதால் அந்த ஜன்னலைத் திறக்கக் கூடாது. ஆனால் கண்ணாடியைத் துடைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு விடுமுறையில் அவர் சமையலறைப் பின்சுவரில் செங்கல் செங்கலாக எடுக்க ஆரம்பித்தார். ஒரு தலையும் இரண்டு தோளும் தெரிகிற அளவுக்கு ஓட்டை. எடுத்த செங்கல்களைச் சாப்பாட்டுப் பையில் போட்டு, தினம் கொஞ்சமாகக் கொண்டுபோய்ச் சாம்பல் மேட்டில் புதைத்தார். கழித்துப் போட்ட தறிப் பலகையில் சட்டம் அடித்தார். வெளிப்பக்கம் ஒரு பலகை மூடி, அதற்கும் சுவரின் சுண்ணாம்பையே பூசினார். மூடிவிட்டால் கிட்டே போய்த் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் ஷிப்டில் இருந்தால் அவள் ஜன்னலைத் திறப்பாள். அவர் கழிவுப் பஞ்சால் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைப்பார். பேச்சு ஆரம்பமாகும். குழந்தை குப்புற விழுந்தது, கடைக்காரன் நாறிப்போன மாவைக் கட்டிக் கொடுத்தது, மேஸ்திரி இன்றைக்கு யாரை வறுத்தெடுத்தார், எல்லாம். கோபித்துக்கொண்டால் அவள் பலகையைச் சாத்திவிடுவாள். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அது திறக்கும்வரை நிற்பார். இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்காமல் போனதை அவள் அவரிடம் சொன்னதும் அந்த ஜன்னலில்தான். மருத்துவமனையிலிருந்து வந்து நேராகச் சமையலறைக்குப் போய்ப் பலகையைத் தள்ளினாள். அவர் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தபடி நின்றார். சங்கு ஊதிய பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது.

வீடுகள் மில்லுக்குச் சொந்தம். சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை ஓவர்சியர் டேப்பும் கையுமாக வந்து வீடு வீடாக அளப்பார், யாராவது எதையாவது இடித்தோ கூட்டியோ கட்டியிருக்கிறார்களா என்று. அவர் லைனின் முனையில் தலையைக் காட்டும்போதே கோடி வீட்டுக்காரி வாசலில் நின்று உதட்டை அசைப்பாள்: டேப்பு. அந்த ஒரு சொல் வாசலுக்கு வாசல் சத்தமில்லாமல் ஓடும். அடுத்த நிமிஷம் லைன் முழுக்க சாமான்கள் இடம் மாறும். சுவரைத் தோண்டி வைத்த அடுக்குக்கு முன்னால் பாய் நிற்கும். ஓட்டுக்குக் கீழே போட்ட பரணில் சாக்குத் தொங்கும். முடிச்சக்கா வீட்டில் அலமாரி நகர்ந்து ஜன்னலை மறைக்கும். ஓவர்சியர் அளப்பார், திருப்தியாகத் தலையாட்டுவார், டீ குடிப்பார், போய்விடுவார்.

பிறகு மில் மூடியது. அது ஒரே நாளில் மூடவில்லை. முதலில் ஒரு ஷிப்ட் நின்றது, பிறகு ஒரு பிரிவு, கடைசியில் சங்கு. சங்கு நின்ற பிறகு லைனில் பாதிப்பேருக்குப் பசிக்கிற நேரம் தெரியாமல் போனது. பிள்ளைகள் இருந்த ஊர்களுக்கு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. தறிகளைப் பழைய இரும்புக்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று ஃபிட்டர் ஜன்னல் பக்கமே வரவில்லை. சில வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

மகள் வந்து கூட்டிக்கொண்டு போகப் பார்த்தாள். முடிச்சக்கா அசையவில்லை. காலையில் எழுந்ததும் பின்ஜன்னலைத் திறப்பாள். எதிரே கூரை போன தறிக்கூடம், உள்ளே வளர்ந்துவிட்ட மரம், கண்ணாடி இல்லாத அந்த ஜன்னல். வெறும் சதுரம். அதைப் பார்த்தபடிதான் டீ குடிப்பாள். தன்னை அறியாமல் உதடு அசையும். அடுப்புப் புகை போகத் திறந்தேன் என்பாள் யாராவது கேட்டால்.

இந்த நிலையில்தான் பழங்கட்டடப் பாதுகாப்புக் குழு வந்தது. பழைய மில்லையும் லைன் வீடுகளையும் இடிக்காமல், பழுது பார்த்து, ஆட்கள் வந்து பார்க்கிற இடமாக மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு. குடியிருப்பவர்கள் அவரவர் வீட்டில் இருந்துகொள்ளலாம். கூரை, சுவர், தரை எல்லாம் குழுவே சரி செய்து தரும். மழைக்கு அண்டா வைத்துப் பழகிய லைனில் அன்றைக்கு எல்லோர் முகத்திலும் பல் தெரிந்தது.

ஒரு நாள் காலையில் கோடி வீட்டுக்காரி வாசலுக்கு வந்தாள். இப்போது அவளுக்கு நடை தள்ளாட்டம், கண்ணில் தடித்த கண்ணாடி. உதட்டை அசைத்தாள்.

டேப்பு.

முடிச்சக்கா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். பலகையைச் சாத்தினாள். அலமாரியை முதுகால் முட்டுக் கொடுத்துத் தள்ளினாள். நகர மாட்டேன் என்று அடம் பிடித்த அலமாரி கடைசியில் கிறீச்சென்று போய் நின்றது. இடுப்பு பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்கியபடி முன்னறைக்கு வந்தபோது, கழுத்தில் கேமராவும் கையில் டேப்புமாக ஓர் இளம்பெண் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். குழுவின் கட்டடக்கலைக்காரி. அன்றிலிருந்து லைனில் அவள் பெயர் அளவுப் பொண்ணு.

அவள் எல்லாவற்றையும் அளந்தாள். பின்சுவர்ப் பக்கம் ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். மில் கட்டினதே அப்படித்தான் என்று முடிச்சக்கா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள். டீ கொடுத்தாள். அளவுப் பொண்ணு போன பிறகுதான், இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, தான் யாருக்குப் பயந்து இதைச் செய்தோம் என்று யோசித்தாள். மில்லே இல்லை. ஓவர்சியர் செத்து எத்தனையோ காலம். அவளுக்கே சிரிப்பு வந்தது. சாயங்காலம் குழாயடியில் விசாரித்தால் லைன் மொத்தமும் அதையேதான் செய்திருந்தது. பக்கத்து வீட்டுத் தறிமேஸ்திரி பரணில் சாக்கு கட்ட ஏறி, இறங்கத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம், அளவுப் பொண்ணு போகும்வரை.

சிரிப்பு சில மாதம்தான் நீடித்தது. பழுது பார்க்கும் படங்களைக் குழு அலுவலகத்தில் ஒட்டினார்கள். முடிச்சக்கா தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தாள். பின்சுவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நேர்கோடு. படத்தில் இல்லாத ஓட்டை உடைசலை எல்லாம் அடைத்து, மில் முதலில் கட்டியபடியே கொண்டுவருவதுதான் வேலை என்று அங்கிருந்தவர் விளக்கினார். கொத்தனார் லைனின் முதல் வீட்டில் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரம் அவள் வீடு.

அவள் முதலில் மேஸ்திரியிடம்தான் போனாள். இரண்டு பேருமாகப் போய்ச் சொன்னால் என்ன? மேஸ்திரி பதறிவிட்டார். "தங்கச்சி, என் பரணை இதுல இழுக்காத. கூரை போட்டுத் தர்றேங்கிறாங்க. பொய் சொன்னோம்னு தெரிஞ்சா மொத்தமா கையக் கழுவிட்டுப் போயிடுவாங்க. ஒரு ஜன்னல்தானே?"

ஒரு ஜன்னல்தான். அவள் தனியாகப் போய் அளவுப் பொண்ணிடம் சொன்னாள். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பெண் முதலில் புரியாமல் விழித்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று முகம் மாறியது. படத்துக்கு ஒப்புதல் வாங்கியாகிவிட்டது. மாற்ற வேண்டுமானால் குழுத் தலைவர் சொல்ல வேண்டும். அவர் பின்னால் சேர்த்த எதையும் சேதம் என்றுதான் சொல்வார். "ஏம்மா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"உன் கையில டேப்பு இருந்துச்சேம்மா" என்றாள் முடிச்சக்கா.

தலைவர் நல்ல மனிதர்தான். குனிந்து, அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, தறிப் பலகையைத் தட்டி, வேலை சுத்தமாக இருக்கிறதே என்று பாராட்டவும் செய்தார். பிறகு நிதானமாக விளக்கினார். வருகிறவர்கள் மில் ஓடிய காலத்து வீட்டைப் பார்க்க வருகிறார்கள். ஒவ்வொருவரும் வெட்டிக்கொண்ட ஜன்னலையும் கதவையும் விட்டுவைத்தால் அது வேறு ஏதோ வீடாகிவிடும்.

"மில் ஓடினப்பதாங்க இது இருந்துச்சு" என்றாள் அவள். "மில் ஓடலைன்னா இதுக்கு வேலையே இல்ல."

அளவுப் பொண்ணு குறுக்கிட்டு, ஷிப்டையும் குழந்தையையும் கண்ணாடியையும் சொன்னாள். தலைவர் அலமாரியை நகர்த்திப் பலகையைத் தள்ளி, ஜன்னல் வழியாக எதிரே பார்த்தார். சாம்பல் மேடு, முள்செடி, அந்தச் சதுரம். அவ்வளவு தூரத்தில் இருப்பவருடன் பேசுவதா என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அதை மறைக்கவும் இல்லை. பேச முடியும் என்று யாராவது காட்டினால் தானே படத்தை மாற்றச் சொல்வதாகச் சொன்னார். காட்டுவதற்கு அந்தப் பக்கம் ஆள் வேண்டுமே என்று முடிச்சக்கா நினைத்தபோது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மேஸ்திரி. சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"நான் போறேன்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். காதுக்குள் செருகியிருந்த மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது எதுக்கு அங்க."

தலைவரும் மேஸ்திரியும் சுற்றிக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போக வெகுநேரம் பிடித்தது. முடிச்சக்கா ஜன்னல் சட்டத்தைப் பிடித்தபடி நின்றாள். அளவுப் பொண்ணு பக்கத்தில், போனும் கையுமாக. அந்தச் சதுரத்தில் ஒரு தலை வந்தபோது முடிச்சக்காவின் உதடு தன்னால் அசைந்தது. மேஸ்திரி குட்டை. தோள்வரைகூடத் தெரியவில்லை. எதையோ இழுத்துப் போட்டு ஏறி நின்றார். தலைவர் அவர் காதோடு வாய் வைத்து, கையைக் குவித்துச் சொல்வது தெரிந்தது. மேஸ்திரி இந்தப் பக்கம் திரும்பி, உதட்டை அகலமாக அசைத்தார்.

"சர்க்கரை போடாம ஒரு டீ வேணுமாம்" என்றாள் முடிச்சக்கா. "டிகாஷன் தூக்கலா."

அளவுப் பொண்ணு அதைப் போனில் தலைவரிடம் சொல்லிச் சரியா என்று கேட்டாள். எதிர்ப்பக்கம் தலைவர் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியிலும் கேட்டது. அவர் இன்னொன்று சொன்னார், அதையும் முடிச்சக்கா சொன்னாள். இன்னும் ஒன்று. அதற்குப் பிறகு அவர் மேஸ்திரியின் தோளைத் தட்டிவிட்டு ஏதோ நீளமாகச் சொன்னார். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக இந்தப் பக்கம் அனுப்பினார்.

முடிச்சக்கா தறிப் பலகைச் சட்டத்தை ஒரு தடவை தடவினாள். அளவுப் பொண்ணு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படத்துல போட்டுக்கச் சொல்றார்" என்றாள் கடைசியில். "பலகை, சட்டம் எதையும் தொடக் கூடாதாம். கொத்தனார்கிட்ட நீயே சொல்லிடணுமாம்."

தலைவர் அந்தச் சதுரத்திலிருந்து மறைந்தார். மேஸ்திரி மறையவில்லை. ஏறி நின்ற இடத்திலேயே நின்று, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார். இப்போது அவர் உதடு மெதுவாக அசைந்தது, வேலை நேரத்துப் பேச்சு இல்லை இது.

தங்கச்சி, இங்கிருந்து உன் ஜன்னல் நல்லாத் தெரியுது. நீ பேசுறது எல்லாம் தெரியுது.

அவள் கை தானாகப் பலகைக்குப் போனது. இத்தனை வருஷத்தில் இது அவளுக்குத் தோன்றவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஒருவர் மட்டுமா இருந்தார்? அவருக்குப் பின்னால் ஒரு கூடம் நிறைய ஆட்கள். அத்தனை பேருக்கும் உதடு படிக்கத் தெரியும். குடும்பத்துக்குள் சொல்லிக்கொண்டதாக நினைத்தது எல்லாம், கோபம், கெஞ்சல், மருத்துவமனையிலிருந்து வந்த அன்று சொன்னது, எல்லாம் தறிக்கூடத்தின் நடுவில் நின்று சொன்ன மாதிரி.

எல்லாரும் பார்த்தீங்களா, என்று அவள் கேட்டாள். சத்தமில்லாமல்.

மேஸ்திரி தலையை ஆட்டினார். இல்லை என்று.

உன் வீட்டுக்காரர் பஞ்சை எடுத்துட்டு ஜன்னல் பக்கம் போனார்னா, நாங்க முதுகைக் காட்டித் திரும்பிக்குவோம். இந்த வரிசை முழுக்க. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கல. புதுசா வர்றவனும் பார்த்துப் பழகிக்குவான். நூல் அறுந்தாலும் அவர் திரும்பி வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் தறிக்குப் போக மாட்டோம். நானே எத்தனையோ பீஸ் துணி கெட்டுப்போக விட்டிருக்கேன்.

எப்பவுமா?

எப்பவும்தான்.

முடிச்சக்கா சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். காற்றில் சாம்பல் மேட்டுப் புல் சாய்ந்து நிமிர்ந்தது. அவள் மேஸ்திரியிடம் எதையோ சொல்ல ஆரம்பித்தாள். நீளமான பேச்சு, நடுநடுவே உதடு நின்று மறுபடி தொடர்ந்தது. பக்கத்தில் நின்ற அளவுப் பொண்ணுக்கு அந்தப் பேச்சில் ஒரு எழுத்தும் தெரியாது. இருந்தும் அந்த உதடு அசைவதைப் பார்த்ததும், அவள் போனை அணைத்துவிட்டு, மெதுவாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.